புலியூர்க்குறிச்சித் தண்ணீர்

என் தங்கைக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர்தான் கணக்கு. காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடக்கம். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு இரண்டு வருடம் ஆகிறது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். தூத்துக்குடி வெயிலில், ஒரு ஐஸ் கட்டியை நாக்கில் வைத்துக் கரையவிட்டபடி அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஜெபம் வராது. எரிச்சல்தான் வரும்.

ஆறுதல் சொல்ல வருகிறவர்கள்மேல் அதைவிட எரிச்சல். "ஆண்டவர் தனக்குப் பிடிச்சவங்களைத்தான் சோதிப்பாரு" என்பார்கள். ஒரு பெரியம்மா, "ஏதாவது நேர்ச்சை பாக்கி இருக்கான்னு நல்லா யோசிச்சுப் பாரு" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா ராத்திரி முழுக்க யோசித்தாள். விடியும்போது ஒன்று அகப்பட்டது. தங்கை வயிற்றிலிருந்தபோது, விசுவாசத்துக்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையின் கல்லறைக்கும் மலைக்கும் வருவதாக நேர்ந்திருக்கிறாள், போகவேயில்லை. அப்போது அவர் புனிதர் பட்டம் பெறவில்லையே என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் ரோமாபுரியின் முத்திரைக்குக் காத்திருந்து யாரும் மெழுகுதிரி ஏற்றுவதில்லை.

நான் துணைக்குத்தான் போனேன். கடவுள் முப்பது வருடக் கடனுக்கு ஒரு பெண்ணின் சிறுநீரகத்தைப் பிடித்து வைத்திருக்கிறார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

நாகர்கோவில் போகும் வழியில், நேர்ந்த மலை இருக்கும் ஆரல்வாய்மொழிதான் முதலில் வரும். அம்மா இறங்க மாட்டேன் என்றாள். "செத்த எடத்துக்கு மொதல்லயே போனா எப்படி? அவரு பட்டபாட்டையெல்லாம் பாத்துட்டுல்லா அங்க போவணும்." ஆகவே மலையைத் தாண்டி, தக்கலைப் பக்கம் புலியூர்க்குறிச்சிக்குப் போய் இறங்கினோம்.

அங்கே உதயகிரிக் கோட்டை இருக்கிறது. இப்போது வனத்துறைப் பூங்கா. மான் பார்க்க வந்த குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே, கூரையில்லாத ஒரு பழைய சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுப் படைத்தலைவர். பிறகு அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்தவர். 1777-இல் இறந்தார். கல்லறைக் கல்லில் லத்தீனும் தமிழும் இருக்கின்றன. பின்னால் தேவசகாயம் ஆன பத்மநாபபுரம் அரண்மனை ஊழியர் நீலகண்டன், மாடு செத்து, பயிர் போய், மனமொடிந்து இருந்தபோது, இவர்தான் பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவிக்கும் யோபுவின் கதையைச் சொன்னார் என்பது வழிவழியாக வரும் செய்தி.

அந்தக் கல்லின் முன்னால் நான் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டேன். யோபுவின் கதையை ஆறுதலுக்குச் சொல்வது லேசான காரியமில்லை. அதில் யோபுவுக்கு ஏன் துன்பம் வந்தது என்று கடவுள் கடைசிவரை சொல்வதேயில்லை. மண்ணுலகுக்கு நான் அடித்தளம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று திருப்பிக் கேட்கிறார். ஆனால், நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்று விளக்கம் சொன்ன நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம் வருகிறது. எலிப்பாசும் மற்ற இருவரும் முதல் ஏழு நாள் வாயே திறக்காமல் யோபுவோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் பெரியம்மாவுக்கும் இதைத்தான் சொல்ல நினைத்தேன்.

டிலனாய் இந்தக் கதையைக் கரையில் நின்று சொல்லவில்லை. அவரே பிடிபட்டவர், ஊர் திரும்ப முடியாதவர். பின்னால் தன் மகனையும் களக்காட்டுப் போரில் இழந்தார். அந்த மகனும் இதே ஆலயத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறான். யோபுவின் கதை அன்றைக்கு அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

நீலகண்டன் 1745-இல் வடக்கன்குளம் போய் ஞானஸ்நானம் பெற்றார். லாசர் என்ற பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். தேவனே சகாயம். அந்தப் பெயரோடு நான்காம் வருடம் மன்னரின் ஆட்கள் விலங்கு மாட்டினார்கள். எருமைமேல் பின்பக்கம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்தார்கள். தாழ்ந்தவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களோடு கலந்து பழகியதும் அவர்மேல் இருந்த கோபத்துக்கு ஒரு காரணம். (2022 மே 15-இல் புனிதராக அறிவித்தபோது பெயரிலிருந்து சாதியை எடுத்துவிட்டார்கள். அம்மாவுக்கு மட்டும் இன்னும் 'பிள்ளை' வாயில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.)

முட்டிடிச்சான் பாறை புலியூர்க்குறிச்சியில்தான். தாகத்தில் தவித்தவர் ஜெபித்துவிட்டு முழங்கையால் பாறையை முட்ட, நீர் சுரந்தது என்பது நம்பிக்கை. சின்னக் குழிதான். எனக்கு முன்னால் நின்ற ஒரு பாட்டி கையில் மொண்டு தந்து, "முகத்தையும் தொடச்சுக்கோ மக்களே" என்றார். எதற்காக வந்தாய் என்று கேட்கவில்லை.

விலங்கு கழலவில்லை, தண்ணீர்தான் வந்தது. குடித்துவிட்டு அவர் திரும்ப அந்த விலங்கோடுதான் நடந்திருக்க வேண்டும். புதுமை, அதாவது அற்புதம், என்றால் எல்லாம் சரியாகிவிடுவது என்றே நான் நினைத்து வந்திருக்கிறேன். அன்றைய தாகத்துக்கு அன்றைக்குத் தண்ணீர் என்பதை ஒரு புதுமையாக எண்ணிப் பார்த்ததில்லை.

அம்மா ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்தாள். முழு லிட்டர் பாட்டில். "யாருக்கும்மா இவ்வளவு? அவளுக்கு ஆகாதுல்லா" என்றேன். அம்மா பதில் சொல்லாமல் மூடியைத் திருகினாள்.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில், அவரை அடக்கம் செய்த இடத்தில் முழந்தாளிட்டு ஒரு ஐம்பத்து மூன்று மணி ஜெபமாலை. அங்கே எனக்குக் கால் வலித்தது, அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலை. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். 1752 ஜனவரி 14-இல் அவரைச் சுட்டுக் கொன்றபோதே இது காற்றாடிமலைதான். நிற்கவிடாத காற்று. கீழே வியாகுல அன்னை ஆலயம். மகனின் சாவைக் கூடவே நின்று பார்த்தவளின் பெயரை இந்த ஊரில் வைத்தவர்களுக்கு விவரம் தெரிந்திருக்கிறது. அவர் முழந்தாளிட்டு ஜெபித்த தடம் என்று பாறையில் காட்டுகிறார்கள். மணியடிச்சான் பாறையைக் கல்லால் தட்டினால் கோயில் மணிபோல ஒலிக்கும். அம்மா தட்டினாள். ஒரு தடவை தட்டிவிட்டுக் காது கொடுத்தாள். மறுபடி தட்டினாள். அவள் என்ன கேட்டுக்கொண்டாள் என்று நான் கேட்கவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு தட்டு தட்டினேன். "அவளுக்கு நாளைக்கு ஊசி குத்தும்போது ரொம்ப வலிக்காம பாத்துக்கோங்க" என்றுதான் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த ஜெபம் அது.

மறுநாள் டயாலிசிஸ் முடிந்து, கையில் கட்டோடு தங்கை வந்தாள். பாட்டிலைப் பார்த்துச் சிரித்தாள். "லிட்டர் கணக்குல கொண்டு வந்திருக்கியே, என்னைக் கொல்லவா?" என்றவள், மூடியைக் கழற்றி அதிலேயே ஊற்றிக் குடித்தாள். இன்னொரு மூடி ஊற்றி அம்மாவிடம் நீட்டினாள். "குடிம்மா. அவ்வளவு தூரம் அலைஞ்சிருக்க."

பிறகு தண்ணீர்க் கணக்கு நோட்டை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே 'ஒரு மூடி' என்று எழுதிக்கொண்டாள்.