அம்மாவுக்கு வந்த சிரிப்பு

போன மாதம் ஊர்ப் பாடசாலையில் பரிசளிப்பு விழா. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அறிமுகம் செய்த ஆசிரியர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, "குடும்பத்தின் முதல் பட்டதாரி, அந்த வீட்டிலிருந்து பல்கலைக்கழக மண்ணை முதன்முதலில் மிதித்தவர்" என்றார். இரண்டாம் வரிசையில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த அறிமுகத்தில் முதல் பாதி சரி, இரண்டாவது பாதி பிழை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் படுவான்கரைப் பிள்ளை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலைக்குக் கிட்ட எங்கள் ஊர். அப்பா இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்குச் செய்வார். மற்ற நாட்களில் போடியார்மாரின், அதாவது பெரிய வயல்காரரின், வட்டையில் கூலி. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். எங்கள் வீட்டில் அது தலைகீழ். வந்தாறுமூலைப் பக்கத்தில் இருந்த அம்மாவின் வீடு 1990இல் எரிந்து போனதால், கல்யாணத்துக்குப் பிறகு அம்மா அப்பாவின் ஊருக்கு வந்துவிட்டார். அப்பம்மா கோபம் வந்தால் அதைச் சொல்லிக் காட்டுவார். அம்மா பதில் பேசமாட்டார்.

எங்கள் பாடசாலையில் உயர்தரத்துக்குக் கலைப்பிரிவு மட்டும்தான். சாதாரண தரத்தில் எனக்கு விஞ்ஞானத்துக்கு ஏ வந்திருந்தது. நகரத்துப் பாடசாலைக்குப் போக விடுதிக்காசு வேண்டும், அது இல்லை, சரி, கலை. அதைப் பற்றி நான் பெரிதாக அழுததாக ஞாபகம் இல்லை. தமிழ், புவியியல், இந்து நாகரிகம்.

சனிக்கிழமைகளில் வாவியின் அந்தப் பக்கம் ஒரு வகுப்புக்குப் போவேன். அப்போது மண்முனைப் பாலம் இல்லை, அது 2014இல்தான் திறந்தது. 'பாதை'யில் போக வேண்டும். வெளியூர் ஆட்களுக்கு ஒரு குறிப்பு: எங்களுக்குப் பாதை என்றால் ரோடு இல்லை. ஆட்களையும் சைக்கிளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு தண்ணீரைக் கடக்கிற மிதவை. காற்று அடித்தால் நடுவில் ஆடும். வகுப்பு அரை மணி நேரம் கூடப் போனால் எனக்கு வயிற்றைக் கலக்கும், பாதை போய்விடுமே என்று. கடைசிப் பதினைந்து நிமிடம் சேர் சொன்ன எதுவும் என் கொப்பியில் இல்லை.

2011 ஜனவரி வெள்ளத்தை மட்டக்களப்பில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பெரும்போகம் முழுக்கத் தண்ணீருக்குள். அப்பாவின் இரண்டு ஏக்கரும் போனது, குத்தகைக் கடன் மட்டும் மிதந்தது. அந்த வருடம்தான் அம்மா குவைத்துக்குப் போனார், வீட்டு வேலைக்கு. இரண்டு வருடம். வெள்ளிக்கிழமைகளில் அழைப்பார். என்ன சமைத்தாய், தம்பிக்குக் காய்ச்சல் விட்டதா, இவ்வளவுதான். படிப்பைப் பற்றிக் கேட்டால் நான் அழுதுவிடுவேன் என்று கேட்கவில்லையாம். பிறகு சொன்னார்.

பரீட்சைக்கு முதல் மாதம் ராத்திரி குப்பி விளக்கில் படித்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் எங்கள் வீட்டில் அப்போது கரண்ட் இருந்தது. எனக்கு வெளிச்சம் போதும், சொல்லித் தரத்தான் ஆள் போதவில்லை.

முடிவு வந்த நாளை எடுங்கள். இரண்டு ஏ, ஒரு பி. போன் திரையில் அதற்குக் கீழே, பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கப் பார்க்கிற இசட் புள்ளி, மாவட்ட நிலை, அகில இலங்கை நிலை. அகில இலங்கை நிலை நாலாயிரத்துச் சொச்சம். இசட் புள்ளி என்றால் என்னவென்று எனக்கே சரியாகத் தெரியாது. அப்பம்மா கேட்டார், "எத்தினையாம் ஆள் மனே?" சொன்னேன். "நாலாயிரமாம் ஆளா! மறுகா என்ன, பெயில்தானே" என்று முற்றத்தில் குந்திவிட்டார். எனக்கும் அதே சந்தேகம். பின்னேரம் புவியியல் சேர் சைக்கிளில் வந்து விளக்கினார். கலைப்பிரிவில் நாடு முழுக்க எத்தனை ஆயிரம் பேர் எழுதினார்கள் என்று சொன்ன பிறகுதான் அன்று வீட்டில் உலை வைத்தோம்.

அடுத்தது கைநூல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வருடா வருடம் வெளியிடுகிற அந்தத் தடித்த புத்தகம். வாங்கிக்கொண்டு வந்து மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பாடநெறிகளில் 40 வீத இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பின்தங்கிய பட்டியலில் மட்டக்களப்பையும் அம்பாறையையும் கண்டேன். பின்தங்கியது என்று அச்சில் பார்க்க ஒரு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அந்த 5 வீதத்தில் விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒவ்வொரு பாடநெறிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் ஒரு குறியீடு உண்டு, அவற்றை விருப்ப ஒழுங்கில் எழுத வேண்டும். நான் ஒன்றே ஒன்றை எழுதினேன். வந்தாறுமூலையில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகம், கலை. ஏன் ஒன்று? கடையில் போய் எல்லாம் வேண்டும் என்று கேட்பது மாதிரி இருந்தது. நிறைய எழுதினால் பேராசைக்காரி என்று நினைத்து ஒன்றும் தரமாட்டார்கள் என்று பயம். இன்று சிரிப்பாக இருக்கிறது. அன்று அது பிழை என்று சொல்ல எங்கள் தெருவிலேயே ஆள் இல்லை. அனுப்புவதற்கு முதல் நாள் சேரிடம் காட்டப் போனேன். படிவத்தைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

"ஒண்ட மட்டும் எழுதி வச்சிரிக்காய். இது கிடைக்காட்டி என்ன செய்வாய் புள்ள?"

"அடுத்த வருசம் எழுதுவன் சேர்."

அவர் பேனையை எடுத்துத் தந்தார். அவர் வீட்டு விறாந்தையில் நுளம்பு கடிக்கக் கடிக்க மீதி வரிசைகளை நிரப்பினோம். மறுநாள் பதிவுத் தபாலில் போனது.

அடுத்தது மகாபொல, பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதா மாதம் தருகிற உதவிக்காசு. அந்த விண்ணப்பத்தில் பெற்றோரின் வருமான விபரம். கிராம சேவகரிடம் அப்பா போனார். மாத வருமானம் எவ்வளவு என்று அவர் கேட்க, அப்பா, "எந்த மாசம்?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். பகிடி இல்லை. அறுவடை மாதத்தில் கையில் காசு இருக்கும், மழை மாதத்தில் கடன் இருக்கும், இடையில் மாட்டுக்குப் புல் வெட்டியதும் மீன் பிடித்ததும் கணக்கில் வராது. மாதம் என்று ஒரு கட்டத்துக்குள் அப்பாவின் வருடத்தைப் போட முடியவில்லை. எப்படியோ ஒரு தொகை எழுதி முத்திரை குத்தித் தந்தார்கள். மகாபொல கிடைத்தது. நான் சேர்ந்தபோது மாதம் 2500 ரூபாய், 2015இல் 5000 ஆனது. சாப்பாட்டுக்கும் போட்டோகொப்பிக்கும் சரியாக இருக்கும்.

சேருகிற நாள். அம்மா குவைத்திலிருந்து வந்து சில மாதம். "நான் கூட்டிட்டுப் போறன்" என்று அம்மாவே சொன்னது எனக்கு ஆச்சரியம், பட்டினத்துக்குப் போகவே விரும்பாத ஆள். ஒரு பெட்டி, ஒரு உரப்பை, உருட்டிக் கட்டின ஒரு பன்பாய். விடுதியில் கட்டில் இருக்கும் என்று சொன்னாலும் கேட்கவில்லை. மட்டக்களப்பில் வாழைச்சேனை பஸ் ஏறினோம். கொம்மாதுறை தாண்டியதும் கொண்டக்டர் சொல்வதற்கு முன்னமே அம்மா எழும்பிவிட்டார்.

வாசலில் காவலாளி, வயதானவர், "முதல் தரமா வாறீங்க? ஒபீஸ் அந்தப் பக்கம்" என்றார்.

"நான் ரெண்டாந்தரம், அண்ணன்" என்றார் அம்மா.

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா பாயைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு நடந்தார்.

பதிவு வேலைகள் முடிய மத்தியானம். ஒரு மர நிழலில் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். அப்போதுதான் சொன்னார். 1990இல் அம்மாவுக்குப் பதினேழு வயது. பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் இந்த வளாகத்துக்குள்தான் அகதியாக வந்து கிடந்தது. "அப்பவும் ஒரு பாயோடதான் வந்த நாங்க." கஞ்சிக்கு நின்ற வரிசை, தண்ணீருக்கு நின்ற வரிசை. தாங்கள் படுத்த கட்டடம் எது என்று கண்ணால் தேடினார். புதுக் கட்டடங்கள் நிறைய வந்துவிட்டதில் பிடிபடவில்லை. செப்டம்பர் 5ஆம் திகதி அந்த முகாமிலிருந்து 158 பேரை இராணுவத்தினர் பிடித்துக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. அந்த எண்ணிக்கையை நான் பிறகு படித்துத்தான் அறிந்தேன். அம்மா அன்று சொன்னது, "வரிசையா நிக்கச் சொன்னாங்க" என்பது மட்டும். சோற்றை உருட்டி என் பக்கம் தள்ளி வைத்தார்.

பதினெட்டு வருடம் அந்த வீட்டில் ஒன்றாக இருந்திருக்கிறோம், இதை ஒரு நாளும் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் இந்த வளாகத்தின் பெயரை முதலாவதாக நான் எழுதியபோது, வெள்ளிக்கிழமை அழைப்பில் அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "ம்" என்றார். கிட்டத்தானே என்றார். நானும் பஸ் காசை நினைத்துத்தான் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

விடுதியில் கட்டில் இருந்தது. ஆனாலும் அம்மா குனிந்து கட்டிலுக்குக் கீழே பாயை விரித்துப் பார்த்து, பிறகு சுருட்டி மூலையில் வைத்தார். யன்னல் கொக்கி பூட்டுகிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். "எந்தப் பக்கம் வெளிக்கிடலாம் எண்டு முதல் பார்த்து வச்சிக்க" என்றார். மூன்றரை பஸ்ஸுக்கு நடந்தோம். வாசலில் அதே காவலாளி நின்றார்.

"பாய எங்க?" என்று கேட்டார்.

"இந்தத் தரம் விட்டுட்டுப் போறன்" என்று சொல்லிவிட்டு, அம்மா ரோட்டைக் கடந்தார்.