வீட்டுல சும்மாதானே இருக்கே

"வீட்டுல சும்மாதானே இருக்கே, ரேஷன் கடைக்குப் போயிட்டு வா" என்கிறார் அம்மா. ஆன்லைனில் ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை எடுத்து, ராத்திரி 2 மணி வரை நியூயார்க்காரருக்கு நான் லோகோ திருத்தியது அம்மா கணக்கில் வேலையே இல்லை. அங்கே காலை 9 என்றால் நமக்குச் சாயங்காலம் ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை.

100 டாலர் ஆர்டர் முடித்தால், இந்த வேலைகள் கிடைக்கும் தளமான ஃபைவர் 20 டாலர் பிடித்துக்கொள்ளும். மிச்சமும் உடனே கைக்கு வராது, பெரும்பாலோருக்கு 14 நாள் காத்திருப்பு. டாலரை ரூபாயாக்கும்போது இன்னொரு கிள்ளு. போன மாதம் ஒருத்தர் ஏழு முறை திருத்தச் சொல்லிவிட்டு, முதலில் அனுப்பியதே நல்லாயிருக்கு என்றார். (நான் சிரிக்கவில்லை.)

பைக் லோனுக்குப் போனால் சம்பளச் சீட்டு கேட்கிறார்கள். அதற்கு எங்கே போவது?

இப்போது கரண்ட் இல்லை. மொபைல் டேட்டாவில்தான் இதை எழுதுகிறேன். சரி, பையை எடுத்துக்கொண்டு ரேஷனுக்கே கிளம்புகிறேன்.