ரயில் விட்டுப்போன வழியில் கடல் வரைக்கும்

ரயில் வேலை பார்ப்பவர்களுக்குக் கண்ணிலேயே ஓர் அளவுகோல் இருக்கும். எந்தப் பாதையைப் பார்த்தாலும் சரிவு எவ்வளவு, தண்ணீர் எங்கே வடியும், வளைவு எவ்வளவு இறுக்கம் என்றுதான் முதலில் பார்ப்போம். எனக்குச் சிங்கப்பூரில் இரவுப் பணி. கடைசி எம்ஆர்டி (நகர ரயில்) போனதும் தண்டவாளத்தில் இறங்கி, முதல் ரயில் கிளம்புவதற்குள் ஏறிவிட வேண்டும். வேலை முடிந்த காலைகளில் பெரும்பாலும் படுக்கப் போகாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு ரயில் காரிடாருக்குப் போய்விடுவேன்.

அந்த வழியைப் பற்றிச் சிங்கப்பூர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜூன் 30ஆம் தேதி தஞ்சோங் பகாரிலிருந்து மலேசிய ரயில்வேயான கேடிஎம்மின் கடைசி ரயில் கிளம்பிப் போனது. தண்டவாளத்தை எடுத்த பிறகு 24 கிலோமீட்டர் பச்சை வழி நமக்கு மிஞ்சியது. என் தாத்தா அதே பாதையில் கடப்பாரையும் சரளைக்கல்லுமாகக் கேங் வேலை பார்த்தவர். அங்கே ஓட்டும்போது எனக்கு வரும் நிம்மதிக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

காரிடாரில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒன்றை அடித்துச் சொல்வேன். ஐரோப்பாவில் கிராவல் சைக்கிள் (சரளை, மண் பாதைகளில் ஓட்டும் சைக்கிள்) ஓட்ட ஆசை இருந்தால், ஆல்ப்ஸ் ஏறும் வீடியோக்களைப் பார்த்து மிரள வேண்டாம். ஸ்பெயினின் வடகிழக்கு மூலைக்கு, கத்தலோனியாவில் உள்ள ஜிரோனாவுக்குப் போங்கள். அங்கேயும் ரயில் விட்டுப்போன பாதை ஒன்று இருக்கிறது. அது நேரே மத்தியதரைக் கடலில் கொண்டுபோய் விடுகிறது.

ஜிரோனாவிலிருந்து சாந்த் ஃபெலியூ தெ கிஷோல்ஸ் துறைமுகம் வரை சுமார் 40 கிலோமீட்டர். 1892இல் திறந்து 1969இல் மூடிய ரயில் பாதை. தண்டவாள இடைவெளி வெறும் 750 மில்லிமீட்டர். கேடிஎம் பாதை 1000, நம் எம்ஆர்டி 1435. இடைவெளி குறைந்தால் செலவு குறையும், வளைவுகளையும் இறுக்கமாகப் போடலாம். உள்ளூர்த் தக்கை (கார்க்) ஆலைகளின் சரக்கைத் துறைமுகத்தில் சேர்க்க அது தாராளமாகப் போதும். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது என்பதால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி இறக்கியிருக்கிறார்கள். 163 மீட்டர் புக்கித் தீமாவை மலை என்று சொல்லி வளர்ந்த நம் கால்களுக்கு அந்தக் காலத்துப் பொறியாளர்கள் செய்துவைத்த பெரிய உபகாரம் இது.

செப்டம்பர் கடைசியில் நானும் என் மைத்துனனும் போனோம். அவன் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். லீவு எடுத்துக்கொண்டு வந்தான். சைக்கிள்களை ஜிரோனாவிலேயே வாடகைக்கு எடுத்தோம். வெளிநாட்டுப் பந்தய வீரர்கள் பலர் குடியிருந்து பயிற்சி எடுக்கும் ஊர் என்பதால் நல்ல வண்டிக்குப் பஞ்சமே இல்லை.

முதல் நாள் கடைக்காரர் டயரில் அடித்திருந்த காற்றை நான் குறைத்தேன். நம்மில் பலர் டயர் கல்லாக இருந்தால்தான் வேகம் என்று நினைக்கிறோம். தார் ரோட்டில் அது ஓரளவு சரி. சரளையில் கல்லாக இருக்கும் டயர் ஒவ்வொரு கல்லிலும் துள்ளி, நம் சக்தியை மேலே எறிந்துவிடும். எழுபது கிலோ ஆள் நான். 40 மில்லிமீட்டர் டியூப்லெஸ் டயரில் முன்னே 28 பிஎஸ்ஐ, பின்னே 31 வைத்தேன். அதற்குப் பிறகு கைகளுக்கு வலியே தெரியவில்லை.

அங்கே பாதையில் போட்டிருப்பது சவுலோ. கிரானைட் பாறை காலப்போக்கில் உதிர்ந்து உண்டாகும் பருமணல். அந்தப் பிரதேசத்து மண்ணே அதுதான். மழை பெய்தாலும் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டுச் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. நம் காரிடாரில் ஒரு பெருமழைக்குப் பிறகு சேறு பிரேக்கில் அப்பிக்கொள்ளுமே, அந்தத் தொல்லை அங்கே இல்லை. டயருக்கு அடியில், வாணலியில் ரவை வறுக்கும் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும். லியாகொஸ்தெராவுக்கு முன்னால் பாதைக்குக் கீழே கருங்கல்லில் கட்டிய சின்னக் கல்வெர்ட் (ஓடை கடக்கும் மதகுப் பாலம்) ஒன்றைப் பார்த்து நிறுத்தினேன். ரயில் நின்று அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. இன்னமும் ஓடையை ஒழுங்காக அந்தப் பக்கம் அனுப்பிக்கொண்டிருக்கிறது. மைத்துனன் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"அத்தான், இங்கேயும் இன்ஸ்பெக்‌ஷனா?"

"தம்பி, கட்டினவன் கைக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வர்றேன். நீ போ."

குவார்ட், காசா தெ லா செல்வா, லியாகொஸ்தெரா என்று வரிசையாக ஊர்கள். பழைய ரயில் நிலையக் கட்டடங்கள் பல அப்படியே நிற்கின்றன. லியாகொஸ்தெராவைத் தாண்டினால் பாதை கடலை நோக்கி இறங்க ஆரம்பித்துவிடும்.

இந்தப் பாதைக்கு ஒரு பக்கம் லெஸ் கவாரெஸ் குன்றுகள். உச்சியே 530 மீட்டர் சொச்சம்தான். ஆனால் அதன் காட்டுப் பாதைகள் ரயில் பாதைகள் அல்ல. சில இடங்களில் இறங்கித் தள்ளினோம். தக்கை ஓக் மரங்களை நான் கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். கோடையில் பட்டையை உரிப்பார்கள். உரித்த இடம் முதலில் செம்மஞ்சள், போகப்போகக் காவி, அப்புறம் கறுப்பு. நாங்கள் போனபோது இடுப்புக்கு மேலே சொரசொரவென்று சாம்பல் நிறப் பட்டை, அதற்குக் கீழே வழவழவென்று செங்காவி. இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடரி வெட்டு மட்டம் பார்த்ததுபோல் நேராக இருந்தது. உள்ளே இருக்கும் உயிருள்ள தோலில் கோடரி பட்டால் மரத்துக்குக் கேடு. அதனால் எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும். ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்க ஒன்பது ஆண்டுகளாவது காத்திருக்கிறார்கள். அவசரப்படவே முடியாத தொழில். எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

ரொமான்யா கிராமத்துக்குப் பக்கத்தில் அந்தக் காட்டுக்குள்ளேயே கோவா தென் தாய்னா என்ற கற்திட்டை இருக்கிறது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தையது, முழுக்கக் கிரானைட். சுற்றிலும் கல்வட்டம். புதுக்கோட்டைப் பக்கம் பெருங்கற்கால ஈமச் சின்னங்களைப் பார்த்தவர்கள் அதன் முன்னால் ஐந்து நிமிடமாவது நிற்பார்கள்.

பஞ்சர் ஆனது மலையில் அல்ல, சமவெளியில். பால்ஸ் என்ற ஊர்ப் பக்கம் வயல் ஓரப் பாதையில் மைத்துனனின் பின்சக்கரத்திலிருந்து வெள்ளையாகச் சீலண்ட் (ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றியிருக்கும் திரவம்) பீய்ச்சியது. குனிந்து பார்த்தால் நெருஞ்சி முள். ஊரில் வெறுங்காலில் மிதித்து அழுத அதே முள், அதே செடி. அந்தப் பக்கமெல்லாம் அதற்குச் சொந்த மண். பிடுங்காமல் சக்கரத்தைச் சுழற்றி, ஓட்டை கீழே வருமாறு கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தோம். சீலண்ட் கசிந்து அடைத்துக்கொண்டது. பிறகு முள்ளின் தலையை மட்டும் நகத்தால் கிள்ளி எறிந்துவிட்டு ஓட்டினோம். அந்தப் பகுதிக்கு டியூப் போட்ட சக்கரத்தோடு போகாதீர்கள்.

பால்ஸ் என்றதும் நான் நிறையவே எழுதிக்கொண்டு போவேன். அங்கே நெல் விளைகிறது. கடலிலிருந்து கொஞ்ச தூரத்தில், டெர் ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் திருப்பிவிட்டுப் பயிர் செய்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் மலேரியாவுக்குப் பயந்து நெல்லையே தடை செய்திருந்தார்கள்; 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் மறுபடி நட்டார்கள். நாங்கள் போனது அறுவடை நேரம். கதிர் தலை சாய்ந்து கிடந்தது. ஒரு பக்கம் அறுத்து முடித்த தாளடி, அதில் வெள்ளைக் கொக்குகள். வரப்பில் நின்று ஒரு கதிரைத் தொட்டுப் பார்த்தேன். மணி குட்டையாக, உருண்டையாக இருந்தது. நம் பொன்னி ரகம் இல்லை. காய்ந்த தாளின் வாசம் மட்டும் கும்பகோணத்தில் பெரியப்பா வீட்டுக் களத்து வாசமேதான். அங்கிருந்து பார்த்தால் ஒரு பக்கம் மெதெஸ் தீவுகள், இன்னொரு பக்கம் மொந்த்க்ரி கோட்டை. 1294இல் கட்ட ஆரம்பித்து 1301இல் பாதியில் விட்ட கோட்டை அது. மொட்டைக் குன்றின் மேல் எங்கிருந்தும் தெரியும். வயல்களுக்கு நடுவே வழி தவறினால் அதை வைத்துத் திசை பார்த்துக்கொள்ளலாம்.

சைப்ரஸ் மரங்களை வரிசையாக, நெருக்கமாக நட்டிருப்பதையும் அங்கே பார்க்கலாம். வடக்கிலிருந்து வீசும் திரமுந்தானா காற்றிலிருந்து ஆப்பிள் தோட்டங்களைக் காக்கும் வேலி அது. அந்தக் காற்று எழுந்த நாளில் வடக்கு நோக்கி ஓட்டத் திட்டம் போடவே கூடாது.

எனக்கு மாமிசம் ஆகாது. கவலையே படவில்லை. தக்காளியை ரொட்டியில் தேய்த்து, ஆலிவ் எண்ணெயும் உப்பும் விட்டுத் தருவார்கள். கூடவே எஸ்காலிவாதா: கத்தரிக்காயையும் குடைமிளகாயையும் சுட்டுத் தோலுரித்தது. கொஞ்சம் பச்சைமிளகாய் இருந்திருந்தால் அம்மா கையால் சாப்பிட்ட திருப்தி. பிற்பகலில் கிராமத்துக் கடைகள் சாத்திவிடும், ஞாயிற்றுக்கிழமை கேட்கவே வேண்டாம். தண்ணீரைக் காலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஊர்க் குழாய்களில் குடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். காற்று வறட்சி என்பதால் வியர்ப்பது தெரியாது. சட்டையில் உப்புப் பூத்த பிறகுதான் தெரியும்.

கடலையொட்டியே ஓட்டலாம் என்று வரைபடத்தைப் பார்த்து யாரும் கிளம்ப வேண்டாம். கள்ளக்கடத்தலைத் தடுக்கக் காவலர்கள் ரோந்து போன கமி தெ ரொண்டா பாதை மிக அழகு, ஆனால் படிக்கட்டும் பாறையுமாக நடப்பவர்களுக்கே உரியது. சைக்கிளைப் பூட்டி வைத்துவிட்டு ஒரு மாலை நடந்து பாருங்கள். இலையுதிர் காலத்து வார இறுதிகளில் கவாரெஸ் காட்டில் காட்டுப்பன்றி வேட்டை நடக்கும். வழியில் எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் மறு பேச்சில்லாமல் திரும்பிவிடுங்கள்.

முதல்முறை போகிறவர்கள் சாந்த் ஃபெலியூ பாதையில் ஆரம்பியுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மதியத்துக்குள் கடலில் குளித்துவிடலாம். பிற்பகல் கடற்காற்று முதுகில் தள்ளத் திரும்பி வரலாம். கால் பழகிய பிறகு மறுநாள் பால்ஸ், அதற்கடுத்து கவாரெஸ். மைத்துனன் இப்போதே ஜிரோனாவிலிருந்து ஓலோட் போகும் இன்னொரு பழைய ரயில் பாதையின் வரைபடத்தை அனுப்பியிருக்கிறான். 54 கிலோமீட்டர், எரிமலைப் பிரதேசத்துக்குள் ஏறுகிறது. அதற்கு லீவு கேட்டு எழுதிவிட்டேன்.