இரண்டு வரிக் கதைகள்

மார்ச் 3
திரையைப் பார்த்தால் அக்காவுக்குத் தலை சுற்றுகிறது. அதனால் படத்தின் கதையை நான் சொல்ல வேண்டும், அதுவும் இரண்டே வரியில். ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948) சொன்னேன்: சுவரொட்டி ஒட்டும் வேலைக்காக அடகிலிருந்து மீட்ட சைக்கிள் முதல் நாளே திருட்டுப் போகிறது, தகப்பனும் மகனும் ரோம் முழுக்கத் தேடி அலைகிறார்கள்.

“எதைக் கொடுத்து மீட்டார்கள்?” என்றாள்.

படுக்கை விரிப்புகளைக் கொடுத்து. மனைவி கட்டிலிலிருந்தே உருவிக் கொடுக்கிறாள். அடகுக்கடை ஊழியன் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேலே மேலே ஏறுகிறான். உயரம் முழுக்க ஊராருடைய விரிப்பு மூட்டைகள். இதை விட்டுவிட்டு என்ன கதை சொன்னேன் நான்?

மார்ச் 4
முடிவு வர அடுத்த வியாழன் ஆகுமாம்.

மார்ச் 6
‘ஏலியன்’ (1979). விண்கலத்தில் ஏழு பேர், ஒரு பூனை. அழையாமல் வந்த ஒன்று ஒவ்வொருவராகக் கொல்கிறது. அது எங்கிருந்து வெளியே வருகிறது என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன். பூனை பிழைக்குமா என்றாள். பிழைக்கும். அது போதுமாம், தூங்கிவிட்டாள்.

மார்ச் 7
‘ராஷோமான்’ (1950). காட்டில் ஒரு கொலை, நான்கு பேர் நான்கு விதமாகச் சொல்கிறார்கள். செத்தவனும் ஆவியாக வந்து தன் பங்குக்குச் சொல்கிறான். “நேற்று வந்த டாக்டர்கள் மாதிரியா?” என்றாள்.

மார்ச் 8, இரவு
பட்டியலில் ‘இகிரு’வை அடித்துவிட்டேன்.

அகிரா குரோசாவா, 1952. அரசு அலுவலகத்தில் முப்பது ஆண்டு முத்திரை குத்தியே காலம் தள்ளிய வாட்டனாபே, நாள்கள் எண்ணப்படுவது தெரிந்ததும் குழந்தைகளுக்கு ஒரு பூங்கா கட்டப் பாடுபடுகிறார். இந்த இரண்டு வரியை யாருக்கும் சொல்லலாம். மருத்துவமனைக் காட்சியைத்தான் சொல்ல முடியாது. காத்திருக்கும்போது பக்கத்தில் வந்து உட்காரும் ஒருவன், தானாகவே பேச்சுக் கொடுக்கிறான்: லேசான புண்தான், பிடித்ததைச் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னால், மிஞ்சியிருப்பது ஒரு வருடத்துக்கும் குறைவு. உள்ளே போனால் டாக்டர் அதையேதான் சொல்கிறார். வாட்டனாபே கையிலிருந்த கோட்டு நழுவி விழுகிறது.

மார்ச் 9
“அடித்திருக்கிறாயே, அந்த மூன்றெழுத்துப் படம் என்ன?” நோட்டை எப்போது பார்த்தாள்? சலிப்பான படம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் படத்தைப் போய்!

மார்ச் 10
‘கிரவுண்ட்ஹாக் டே’ (1993): தினமும் காலை ஆறு மணிக்கு விழிக்கிறான், தினமும் பிப்ரவரி 2. நகைச்சுவைப் படம். அக்கா சிரிக்கவில்லை.

மார்ச் 11
‘12 ஆங்ரி மென்’ (1957) சொல்லத் தொடங்கினேன். ஓர் அறை, பதினொரு பேர் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் மறுபக்கம். “நாளைக்குச் சொல்” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 12
லேசான புண்தானாம். டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார், அக்காவும் சிரித்தாள். என்ன சாப்பிடலாம் என்று நான் கேட்கவில்லை.