லீவு நாள் தூக்கம் எங்கே போச்சு?

கட்டுரை வெளிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஆய்வில் பங்கெடுத்தவர்களை ஒரு மாலை அழைத்து, அவர்கள் கொடுத்த தரவிலிருந்து என்ன தெரியவந்தது என்று சொல்ல ஏற்பாடு செய்திருந்தோம். இரவுப் பணி பார்ப்பவர்களின் தூக்கத்தைப் பகல் பணி பார்ப்பவர்களின் தூக்கத்தோடு ஒப்பிட்ட ஆய்வு. இரவுப் பணியாளர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள் என்று எழுதியிருந்தோம். மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கருவி ஒன்று, கூடவே ஒரு தூக்க நாட்குறிப்பு. வாரக்கணக்கில் பொறுமையாக இரண்டையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள். வெறும் நன்றி சொல்லி அனுப்ப மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொருவருக்கும் அவரவர் தூக்கத்தை மட்டும் காட்டும் ஒரு தாளை அச்சடித்துக் கையில் கொடுத்தேன். ஒரு நாளுக்கு ஒரு பட்டை, தூங்கிய மணி நேரத்துக்கு ஏற்ற உயரம்.

நான் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் என்னைப் பார்க்கவே இல்லை. தன் தாளையும் நாட்குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தார். அப்புறம் கையைத் தூக்கினார்.

"தம்பி, என் லீவு நாளெல்லாம் எங்கே போச்சு?"

எனக்குப் புரியவில்லை. அவர் தாளை நீட்டினார். வேலை நாட்களுக்குப் பட்டை இருந்தது. ஒவ்வொரு வாரமும் இரண்டு நாள் வெறுமையாக இருந்தது. "அந்த ரெண்டு நாள்தானே நான் மனுஷி மாதிரி தூங்குறேன்? எட்டு மணி நேரம், எட்டரை மணி நேரம். எழுதியும் கொடுத்திருக்கேனே." கருவியைக் கழற்றி வைத்திருப்பீர்கள் சிஸ்டர், என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நல்ல வேளையாகச் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவரும் தன் தாளைப் பார்த்து, "எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார்.

அன்று இரவே ஆய்வகத்துக்குப் போய், தூக்க நேரத்தைக் கணக்கிட எழுதிய கணினி நிரலை, அதாவது ஸ்கிரிப்டைத் திறந்தேன். தேட அதிக நேரம் ஆகவில்லை. விழித்த நேரத்திலிருந்து தூங்கப்போன நேரத்தைக் கழித்தால் தூக்கத்தின் அளவு வரும். காலை 8 மணிக்குப் படுத்துப் பிற்பகல் 1 மணிக்கு எழுந்தால் 5 மணி நேரம், சரி. ஆனால் இரவு 10:40-க்குப் படுத்துக் காலை 7:10-க்கு எழுந்தால்? கடிகார எண்களை அப்படியே கழித்தால் மைனஸ் பதினைந்தரை வரும். அதோடு 24-ஐக் கூட்ட வேண்டும், அப்போதுதான் எட்டரை. பகல் பணிக் குழுவுக்கு எழுதிய ஸ்கிரிப்டில் அந்த வரி இருந்தது. இரவுப் பணிக் குழுவுக்குத் தனியாக எழுதியதில் இல்லை. அங்கே வேறொரு வரி: மைனஸ் வந்தால் நீக்கிவிடு. ஆய்வுக்கு முன் நடத்திய சிறு சோதனையின்போது பேட்டரி தீர்ந்த ஒரு கருவி தாறுமாறான நேரங்களைக் காட்டியதால் நானே சேர்த்தது. இரவுப் பணியாளர் பகலில்தான் தூங்குவார் என்று நினைத்துக்கொண்டு எழுதிய வரி. விடுமுறை நாளில் அவர்களும் எல்லாரையும் போல இரவில் தூங்குவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுடைய நல்ல தூக்கம் முழுவதையும் பிழை என்று கருதி அழித்திருந்தேன்.

கட்டுரையின் முதல் ஆசிரியர் நான். ஸ்கிரிப்டை எழுதியதும் நான். காலை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதே நிலையில் யாராவது இருந்தால் உதவும் என்பதால், அடுத்த சில நாட்களில் செய்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். முதல் வேலையாக எதையும் மாற்றாமல், தரவையும் ஸ்கிரிப்டையும் அன்று இருந்தபடியே தனி நகலாக எடுத்துத் தேதி போட்டு வைத்தேன். பதற்றத்தில் அந்த வரியைத் திருத்திச் சேமித்திருந்தால், என்ன நடந்தது என்று பின்னால் யாருக்கும் காட்ட முடியாமல் போயிருக்கும். அப்புறம் ஒரே பக்கத்தில் எழுதினேன்: என்ன பிழை, எப்படித் தெரிந்தது, கட்டுரையின் எந்த அட்டவணைகளும் படங்களும் பாதிக்கப்படும். புதிய விடை என்னவாக இருக்கும் என்ற ஊகத்தை அதில் எழுதவில்லை. அந்தத் தாளோடு என் ஆய்வை வழிநடத்தும் நெறியாளரைப் போய்ப் பார்த்தேன்.

அவர் இரண்டு முறை படித்தார். "யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். சொன்னேன். "அவங்க பேரை எழுதி வெச்சுக்கோ, நன்றி சொல்லணும். இன்னைக்கே ஆய்விதழுக்கு எழுதிடுவோம்." அவ்வளவுதான் பேசினார். அந்த ஒரு நிமிடம் வேறு மாதிரி போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன். ஆய்வுப் பண்பாடு என்று கொள்கை ஆவணங்களில் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைப் பொறுத்தவரை, தவறு செய்த இளையவர் கதவைத் தட்டும்போது உள்ளே இருப்பவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் அது இருக்கிறது. அந்தச் சமயத்தில் அவர் எனக்கு ஒரு செய்தியை நினைவுபடுத்தினார். 2018-ல் வேதியியல் நோபல் பெற்ற ஃபிரான்சஸ் ஆர்னால்ட், நொதிகள் பற்றிய தன் குழுவின் 2019-ம் ஆண்டுக் கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக 2020 ஜனவரியில் தானே பொதுவெளியில் அறிவித்தார். முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை என்பதுதான் காரணம். அவருடைய மதிப்பு அதனால் குறைந்ததாக எனக்குத் தெரிந்து யாரும் சொல்லவில்லை.

இணை ஆசிரியர்கள் எல்லாரும் அப்படி இருக்கவில்லை. ஒருவர் பதவி உயர்வு விண்ணப்பத்தில் இந்தக் கட்டுரையை முதலாவதாகப் போட்டிருந்தார். "முடிவோட திசை மாறப்போறதில்லையே, சின்ன விஷயம்தானே, விட்டுடலாம்" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கட்டுரை வெளிவந்த இதழின் பெயரை வைத்து ஆளை எடைபோடும் ஏற்பாட்டில், ஒரு திருத்தம் என்பது ஒருவரின் பிழைப்பில் கை வைப்பதாகத்தான் தெரியும். ஆய்விதழின் தாக்கக் காரணியை, அதாவது அதன் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற எண்ணைக் கொண்டு தனி ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 2012-ல் உருவான பிரகடனம் சொல்கிறது. டோரா என்று சுருக்கமாக அழைப்பார்கள். நிறைய நிறுவனங்கள் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. ஆனால் நேர்காணல் மேசையில் அந்தக் கையெழுத்து நினைவுக்கு வருகிறதா என்பதுதான் கேள்வி. அவரோடு மூன்று முறை பேசினோம். கடைசியில் சம்மதித்தார்.

மறுகணக்கை நான் செய்யவில்லை. இதை நெறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் ஸ்கிரிப்டைப் பார்க்காத இன்னொருவர், மூலத் தரவிலிருந்து முதலிலிருந்து எழுதினார். இரண்டு வாரம் ஆனது. இரு குழுக்களுக்கும் இடையே வித்தியாசம் இருந்தது, ஆனால் நாங்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. வேலை நாட்களில் இழந்த தூக்கத்தை இரவுப் பணியாளர்கள் விடுமுறை நாட்களில் கொஞ்சம் ஈடு கட்டிக்கொண்டார்கள். உண்மையில் சுவையான செய்தியே அதுதான். முதல் கட்டுரையில் அது இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

கட்டுரையின் கடைசியில் யார் என்ன பங்களித்தார்கள் என்று ஒரு பத்தி வருமே, அதை அப்போதுதான் கவனித்துப் படித்தேன். அதற்கென்று 14 வகைப் பங்குகளைக் கொண்ட ஒரு பொது வகைப்பாடு இருக்கிறது. மென்பொருள் என்ற பங்குக்கு என் பெயர். சரிபார்ப்பு என்ற பங்குக்கும் என் பெயர். எழுதியவனே சரிபார்த்தவன். எங்கள் யாருக்கும் அது உறுத்தவில்லை, இதழுக்காகக் கட்டுரையை மதிப்பிட்ட நடுவர்களும் கேட்கவில்லை. இப்போது எங்கள் ஆய்வகத்தில் அந்த இரண்டு இடத்திலும் ஒரே பெயர் வரக் கூடாது.

ஆய்விதழுக்கு எழுதிய பிறகு நீண்ட காத்திருப்பு. முதல் பதில் வரவே ஐந்து வாரம். இடையில், நடுவர் பார்வைக்கு முன்பே கட்டுரைகளைப் பொதுவில் வைக்கும் முன்பதிப்புத் தளத்தில் இருந்த வரைவின் மேல், பிழை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, எண்களைப் பயன்படுத்த வேண்டாம் என்று நாங்களே குறிப்புப் போட்டோம். இதழ் கேட்டவை: பழைய, புதிய அட்டவணைகள் பக்கத்தில் பக்கத்தில், இரண்டு ஸ்கிரிப்டுகளும், எல்லா ஆசிரியர்களின் ஒப்புதல் கடிதங்களும். அப்புறம், இது திருத்தமா, திரும்பப் பெறுதலா என்ற விவாதம். பதிப்பு நெறிகளுக்கான கோப் குழுவின் வழிகாட்டுதலை இதழ்கள் பின்பற்றுகின்றன. நம்பகமான கட்டுரையில் சிறு பகுதி தவறு என்றால் திருத்தம், கண்டுபிடிப்புகளையே நம்ப முடியாது என்றால் திரும்பப் பெறுதல். எங்களுடையது நடுவில் தொங்கியது. திரும்பப் பெற்று, திருத்திய கட்டுரையை மறுபடி நடுவர் பார்வைக்கு அனுப்பி வெளியிடலாம் என்று முடிவானது. முதலில் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. திரும்பப் பெறுதல் என்றால் மோசடி என்றே பலர் நினைக்கிறார்கள். அதனால் அறிவிப்பின் வாசகத்துக்காக நிறைய மெனக்கெட்டோம். கணக்கீட்டில் நேர்ந்த பிழை, ஆய்வில் பங்கேற்றவர் ஒருவர் சுட்டிக்காட்டினார், ஆசிரியர்களே கேட்டுக்கொண்டதன் பேரில் திரும்பப் பெறப்படுகிறது. இந்த மூன்று செய்தியும் முதல் பத்தியிலேயே வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றோம், வந்தது. மொத்தம் ஏழு மாதம்.

ஆய்விதழ் வேலை இத்தோடு முடிந்தது. ஆனால் எங்கள் கட்டுரையை ஆய்விதழில் படித்தவர்கள் எத்தனை பேர்? செய்தியில் படித்தவர்கள்தான் அதிகம். கட்டுரை வந்தபோது எங்கள் நிறுவனம் செய்தியாளர்களுக்கு அனுப்பிய செய்திக்குறிப்பை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கட்டுரையில் நாங்கள் தொடர்பு இருக்கிறது என்று எழுதியிருந்தோம். குறிப்பின் தலைப்பில் அது "இரவுப் பணி தூக்கத்தைப் பறிக்கிறது" என்று ஆகியிருந்தது. நான் படித்து ஒப்புதல் கொடுத்த தலைப்பு அது. செய்தியாளர்கள்தான் ஊதிப் பெருக்குகிறார்கள் என்று அதுவரை நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை ஆராய்ந்து 2014-ல் பிஎம்ஜே இதழில் ஒரு கட்டுரை வந்தது. மூன்றில் ஒரு பங்கு குறிப்புகளில், வெறும் தொடர்பு என்பது 'இதுதான் காரணம்' என்று உயர்த்தப்பட்டிருந்தது. குறிப்பிலேயே அந்த மிகை இருந்தால் 81 சதவீதச் செய்திகளில் அது வந்தது, குறிப்பில் இல்லாதபோது 18 சதவீதத்தில்தான். மிகையில் பெரும்பகுதி கிளம்புவது எங்கள் மேசையிலிருந்துதான்.

பழைய குறிப்பு யார் யாருக்குப் போனதோ அதே பட்டியலுக்கு, அதே அளவு முக்கியத்துவத்தோடு புதிய குறிப்பும் போக வேண்டும் என்று நிறுவனத்தின் ஊடகத் தொடர்புப் பிரிவிடம் கேட்டேன். "திருத்தத்தை யாரும் போட மாட்டாங்க" என்றார்கள். போடாவிட்டாலும் பரவாயில்லை, அனுப்புவோம் என்றேன். பிறகு செய்தி எழுதியவர்களுக்குத் தனித்தனியாகவும் எழுதினேன், எந்த வரி தவறு, சரியான வரி எது என்று அவர்களுடைய செய்தியிலிருந்தே எடுத்துக் காட்டி. சிலர் இணையப் பக்கத்தில் திருத்தினார்கள். ஒருவர் திருத்தத்தையே தனிச் செய்தியாக்கினார். சிலரிடமிருந்து பதிலே இல்லை. இன்றும் தேடினால் பழைய தலைப்பு கிடைக்கிறது, அது என்னை உறுத்திக்கொண்டேதான் இருக்கிறது.

பங்கெடுத்தவர்களுக்கு எழுதிய கடிதம்தான் எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. முதல் வரைவில் சதவீதங்களை நிரப்பியிருந்தேன். 1995-ல் பிரிட்டனில் நடந்தது நினைவுக்கு வந்தது. ஒரு வகைக் கருத்தடை மாத்திரை இரத்தம் உறைதலின் அபாயத்தை இரு மடங்காக்குகிறது என்று எச்சரித்தார்கள். பல பெண்கள் பயந்து மாத்திரையையே நிறுத்தினார்கள். உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வந்தது, அவ்வளவுதான். அதை நினைத்துச் சதவீதங்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரு நாளைக்கு இத்தனை நிமிடம் என்று எழுதினேன். கூடவே ஒவ்வொருவருக்கும் புதிய தாள், லீவு நாள் பட்டைகளோடு. மன்னிப்பை முதல் வரியில் வைத்தேன்.

இந்த மாதங்களில் நான் திரும்பத் திரும்பப் படித்தது இங்கிலாந்தின் கம்ப்ரியா பகுதி ஆட்டு விவசாயிகள் பற்றிச் சமூகவியலாளர் பிரையன் வின் செய்த ஆய்வு. 1986-ல் செர்னோபில் விபத்துக்குப் பின் வந்த மழையில் அந்த மலைப்பகுதியில் கதிரியக்க சீசியம் இறங்கியது. ஆடுகளை விற்க விதித்த தடை மூன்று வாரத்தில் போய்விடும் என்றார்கள் நிபுணர்கள். களிமண் நிலத்தில் சீசியம் மண்ணோடு பிணைந்துவிடும், அந்தக் கணக்கை வைத்துச் சொன்னார்கள். அங்கே இருந்ததோ அமிலத் தன்மையுள்ள கரி மண். சீசியம் புல்லில் ஏறிக்கொண்டே இருந்தது. பிரிட்டனில் கடைசித் தடைகள் விலகியது 2012-ல்தான். சோதனைக்காக ஆடுகளை வேலிக்குள் அடைத்தபோது, மலையில் திரிந்து மேயும் ஆடு வேலிக்குள் தேறாது என்று விவசாயிகள் சொன்னார்கள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பின்னால் அந்தச் சோதனையையே கைவிட வேண்டி வந்தது. நிபுணர்களிடம் அறிவு இல்லாமல் இல்லை. அந்த நிலத்தைத் தெரிந்தவர்களைக் கேட்கவில்லை. நானும் இரவுப் பணியாளர்களின் தூக்கத்தைப் பற்றி அவர்களிடம் கேட்காமல் ஒரு வரி எழுதினேன்.

இப்போது தொடங்கியிருக்கும் ஆய்வில், பகுப்பாய்வுத் திட்டத்தைத் தரவு சேர்க்கும் முன்பே எழுதிப் பதிவு செய்கிறோம். அதைப் பதிவு செய்யும் முன் பணியாளர்கள் நான்கு பேர் எங்களோடு உட்கார்ந்து படிக்கிறார்கள், நேரத்துக்கு ஊதியத்தோடு. அந்தச் செவிலியரும் ஒருவர். போன வாரம் "ஓய்வு நாள்" என்ற சொல்லில் பேனாவை வைத்து நிறுத்தினார். "இரவு டூட்டி முடிஞ்சு காலையில வீட்டுக்கு வர்ற நாளை இதுல எதுல சேர்ப்பீங்க? வேலை நாளா, லீவா?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. அன்று மாலை முழுவதும் அந்த ஒரு நாளுக்கு வரையறை எழுதுவதிலேயே போனது.