ஸ்டிரெய்னர் கூடைக்குள் வரும் கடல்

கப்பல் வேலை என்று சொன்னால் ஊரில் முதலில் கேட்பது, "திமிங்கலம் பார்த்திருக்கீங்களா?" என்பதுதான். கப்பலை ஓட்டும் மேல்தள அறையான பிரிட்ஜில் நிற்பவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது. நான் இன்ஜின் ரூம்காரன். கடல் உயிர்களோடு எனக்கு இருக்கும் பழக்கமெல்லாம் ஸ்டிரெய்னர் கூடை வழியாக வந்ததுதான்.

இன்ஜினின் சூட்டைத் தணிக்கக் கடல்நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீர்மட்டத்துக்குக் கீழே, கப்பலின் உடம்போடு சேர்ந்தாற்போல சீ செஸ்ட் என்று ஒரு பெட்டி இருக்கும். அதன் வாயில் கம்பி அழி. அந்த அழியையும் தாண்டி வருவதைப் பம்புக்குப் போகும் முன் பிடித்து வைப்பது ஸ்டிரெய்னர். நடுக்கடலில் அதில் பெரிதாக ஒன்றும் சிக்காது. அங்கே வெயில் படும் மேல்நீரில் சத்து குறைவு. அதனால் மிதவை உயிர்கள் குறைவு, அவற்றைத் தின்ன வருபவையும் குறைவு. பார்க்க அழகான அந்த நீலம் உண்மையில் பட்டினிக் கடல். கரையை நெருங்கினால்தான் கூடை நிறையும். குட்டி மீன், நண்டு, மட்டி, அவற்றோடு பிளாஸ்டிக் பை. மூடியைத் திறந்ததும் அடிக்கும் வாடை சாப்பாட்டு நேரம்வரை மூக்கை விட்டுப் போகாது.

ஒரு கோடையில் சூயஸ் கால்வாய்க்குள் நுழைய, மத்தியதரைக் கடல் பக்கத்து போர்ட் சயீதுக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தோம். பம்பு அழுத்தமானியின் முள் இறங்கியது, கூலர் வெப்பநிலை ஏறியது. வேறு சீ செஸ்டுக்கு மாற்றிவிட்டு, வால்வுகளை இறுக்கி, மூடியைக் கழற்றினால் கூடை முழுக்கச் சொறி, அதாவது ஜெல்லி மீன். ஜவ்வரிசிக் கூழ் ஆறி இறுகியதுபோல அப்படியே நின்றது. கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே தோல் தெரிந்த இடத்தில் சுரீர் என்றது. செத்த சொறியின் கொட்டும் செல்களும் வேலை செய்யும்.

எங்கள் ஃபிட்டர் தூத்துக்குடிக்காரர், மீனவக் குடும்பம். கூடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "சார், நம்ம பக்கத்துச் சொறி மாதிரில்ல இருக்கு. இது எப்படி சார் இங்க வந்துச்சு?" என்றார்.

நாங்கள் போகக் காத்திருந்த அதே வழியாகத்தான். 1869இல் கால்வாய் திறக்கும்வரை செங்கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. திறந்த பிறகும் நடுவில் இருந்த பிட்டர் ஏரிகளின் கடும் உப்பு பல காலம் தடுப்பாக இருந்தது. உப்பு கரையக் கரைய வழி விட்டது. நூற்றுக்கணக்கான இனங்கள் கடந்து போயின. ரோபிலெமா நொமாடிகா என்னும் இந்தச் சொறி 1970களில் கிழக்கு மத்தியதரைக் கடலில் தென்பட்டது. இன்று இஸ்ரேலின் கரையோர மின்நிலையங்களில் குளிர்நீர் வழிகளை அடைக்கிறது. கல்பாக்கத்திலும் சொறிக் கூட்டம் அணுமின் நிலையத்தின் கடல்நீர் வாயில் புகுந்து தொல்லை கொடுப்பதுண்டு. ஆனால் அங்கே வரும் சொறி ஊர்க்காரன், இங்கே இது குடியேறி.

வரைபடத்தில் உலகக் கடல் எல்லாம் ஒரே தண்ணீர்தான். உயிர்களுக்கு அப்படி இல்லை. வெப்பம், உப்பு, ஆழம், தூரம் என்று கண்ணுக்குத் தெரியாத சுவர்கள் ஏராளம். அந்தச் சுவர்களைக் கால்வாயைவிட அதிகமாக உடைத்தது நாங்கள் சுமந்து போகும் பலாஸ்ட் தண்ணீர் என்பது என் எண்ணம். சீனாவில் இரும்புத்தாதுவை இறக்கிவிட்டு ஆஸ்திரேலியாவின் போர்ட் ஹெட்லண்டுக்கு வெறுங்கப்பலாகத் திரும்பும்போது, கப்பல் நிலையாக நிற்கப் பல்லாயிரம் டன் கடல்நீரை ஏற்றிக்கொள்கிறோம். முட்டை, குஞ்சு, மிதவை உயிர் எல்லாம் அதோடு ஏறுகின்றன. போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்குகின்றன.

கருங்கடல் கதை எல்லாக் கப்பல்காரர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கரையிலிருந்து நீமியாப்சிஸ் என்ற சீப்புச் சொறி அங்கே போய்ச் சேர்ந்தது. ஆண், பெண் இரண்டும் ஒரே உடம்பில். நாளுக்கு ஆயிரக்கணக்கில் முட்டை. நெத்திலியின் இரையையும் தின்றது, நெத்திலியின் முட்டையையும் தின்றது. பத்தாண்டுக்குள் நெத்திலிப்பாடு சரிந்தது. அளவில்லாத மீன்பிடியும் ஆறுகள் கொண்டுவந்த உரக்கழிவும் ஏற்கெனவே அந்தக் கடலை நோகடித்திருந்தன, ஆகவே பழியை முழுக்க இதன் தலையில் போட முடியாது. வேடிக்கை என்னவென்றால், 1997இல் பெரோயே என்ற இன்னொரு சீப்புச் சொறி வந்து முன்னதைத் தின்னத் தொடங்கியது. அதுவும் கப்பல் ஏறி வந்ததாகத்தான் கருதப்படுகிறது. நம் எண்ணூரிலும், பழவேற்காட்டிலும் ஆழி என்னும் மட்டி வகையில் தென் அமெரிக்க இனம் ஒன்று அடித்தரையில் கம்பளமாகப் படிந்துவிட்டது. மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். இறால் புதைந்து வாழும் சேற்றையே அது மூடிவிடுகிறது என்பது அவர்கள் புகார். அங்கே இதைச் சரிசெய்ய ஒரு பெரோயே வரவில்லை.

பலாஸ்ட் தண்ணீருக்கான சர்வதேச ஒப்பந்தம் 2004இல் உருவாகி 2017இல்தான் அமலுக்கு வந்தது. இப்போது கப்பலில் பலாஸ்ட் நீரை வடிகட்டி, புற ஊதா ஒளியிலோ வேதிப்பொருளிலோ உயிர்களைக் கொல்லும் மெஷின் இருக்கிறது. வெளியேற்றும் நீரில் 50 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள உயிர்கள் ஒரு கன மீட்டருக்குப் பத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும். எழுதுவது எளிது. சேற்றுத் துறைமுகத்தில் ஃபில்டர் ஓயாமல் அடைக்கும், தன்னைத்தானே கழுவிக்கொள்ள பேக்ஃப்ளஷ் போகும், அலாரம் அடிக்கும். மேலிருந்து சீஃப் ஆபீசர், "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" என்று போன் செய்துகொண்டே இருப்பார். அந்த மெஷினைத் திட்டாத இன்ஜினியரை நான் பார்த்ததில்லை. நானும் திட்டுவேன், ஆனாலும் அது வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. தண்ணீருக்குச் சட்டம் வந்துவிட்டது, கப்பலின் உடம்பில் ஒட்டி வருவதற்கு உலகம் முழுக்கக் கட்டாயம் என்று இன்னும் ஒன்றும் இல்லை, வழிகாட்டுதல்கள்தான். ஓடும் கப்பலின் வெளித்தகட்டில் நீர் இழுப்பு அதிகம், உயிர்களை ஒட்டவிடாத பெயிண்டும் இருக்கிறது. சீ செஸ்டுக்குள் அப்படி இல்லை. இருட்டு, பாதுகாப்பு, எந்நேரமும் வந்துபோகும் புது நீர். செப்பு அயனிகளை விட்டு விரட்டப் பார்த்தாலும், ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் கொட்டலசும் ஆழியும் அழிக் கம்பிகளின் பின்பக்கம் வசதியாகக் குடும்பம் நடத்தும். நியூசிலாந்து 2018 முதல் கப்பலின் உடம்பு சுத்தமாக இருப்பதைக் கட்டாயமாகக் கேட்கிறது. ஆகவே அங்கே போவதென்றால் முன்கூட்டியே டைவர் இறங்கி, படம் எடுத்து, சுரண்டி அனுப்புவார். கேட்காத நாட்டுக்குப் போவதென்றால் கப்பலைத் தண்ணீரை விட்டு எடுத்துப் பழுதுபார்க்கும் அடுத்த டிரைடாக் வரை அப்படியே கிடக்கும்.