எங்கள் மருத்துவமனையின் மருந்துப் பட்டியலைத் திருத்திய அனுபவம்

மருந்துத் தேர்வு, மருந்து மேலாண்மை பற்றிய பயிற்சிக்கு என்னை அனுப்பியபோது, அதில் பார்மசிஸ்டுக்கு என்ன வேலை என்று எங்கள் இடத்திலேயே சிலர் கேட்டார்கள். எழுதுவது மருத்துவர், வாங்குவது பர்ச்சேஸ் பிரிவு, எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் நாங்கள் என்ற எண்ணம். எங்களுடையது தென் மாவட்டம் ஒன்றில் அறக்கட்டளை நடத்தும் நடுத்தர மருத்துவமனை. பயிற்சிக்குப் பிறகு மருந்துக் குழு அமைத்துப் பட்டியலைத் திருத்தியது வரை இங்கே எழுதுகிறேன். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும்.

ஒரு வருடக் கொள்முதல் கணக்கைக் கையோடு கொண்டு வரச் சொன்னதுதான் அந்தப் பயிற்சியின் பெரிய பலம். ஏபிசி பகுப்பாய்வைப் பாடமாகக் கேட்டால் அன்றே மறந்துவிடும். நம் சொந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தால் மறக்காது. ஒவ்வொரு மருந்துக்கும் ஆண்டில் எவ்வளவு செலவானது என்று பார்த்து, பெரிய தொகையிலிருந்து கீழே அடுக்க வேண்டும். பொதுவாக 10 முதல் 20 சதவீத மருந்துகளே செலவில் 70 முதல் 80 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும். அவைதான் ‘ஏ’ வகை.

அடுக்குவதற்கு முன் பிராண்ட் பெயர்களை எல்லாம் மூலப்பெயருக்கு, அதாவது உள்ளே இருக்கும் மருந்தின் பெயருக்கு, மாற்றியாக வேண்டும். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தால் கணக்கு பொய் சொல்லும். வயிற்றில் அமிலத்தைக் குறைக்கும் பேன்டோபிரசோல் ஊசி எங்களிடம் பல பிராண்டுகளில் சிதறி, பட்டியலின் நடுவில் கண்ணில் படாமல் இருந்தது. ஒரே பெயரில் கூட்டியதும் மேல் வரிசைக்கு வந்தது. வார்டு சிஸ்டர்களிடம் கேட்டால், இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நோயாளிக்கும் அந்த ஊசி போய்க்கொண்டிருக்கிறது. மாத்திரையே போதுமானவர்கள் பலர்.

இந்தக் கணக்கோடுதான் குழுவைக் கூட்டினோம். பட்டியலில் உள்ள மருந்துகளையே வாங்கி எழுத வேண்டும் என்றதும், ‘எங்கள் கையைக் கட்டப் பார்க்கிறீர்களா?’ என்று ஒரு மருத்துவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்று எங்களிடம் வந்த மூத்த மருத்துவர் அதற்குப் பதில் சொன்னார். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் அமைந்ததிலிருந்து அரசு மருத்துவமனைகளுக்கு அத்தியாவசிய மருந்துப் பட்டியல்படி மூலப்பெயரில் கொள்முதல் நடக்கிறது, அந்தப் பட்டியலை வைத்துத்தான் அத்தனை காலம் வைத்தியம் பார்த்தேன் என்றார். நான் எவ்வளவு பேசியிருந்தாலும் அந்த எடை வந்திருக்காது.

அடுத்தது வி, இ, என் பிரிப்பு. வி என்றால் உயிர்காக்கும் மருந்து, இ என்றால் அவசியமானது, என் என்றால் இல்லாமலும் சமாளிக்கலாம். அதிகம் பேசியது பாம்புக்கடி மருந்தைப் பற்றி. செலவில் அது ‘ஏ’ இல்லை. மாதக்கணக்கில் அசையாமலும் இருக்கும். எக்ஸ்பைரிக்குப் பயந்து ஸ்டோரில் கொஞ்சமாகவே வைத்திருந்தார்கள். ஆனால் கண்ணாடி விரியன் கடித்து ஒருவர் வந்தால் முதல் தவணைக்கே 8 முதல் 10 குப்பி வேண்டும். ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால்? அதனால் எப்போதும் கையில் இருக்க வேண்டிய குறைந்தபட்ச அளவைக் குழுவே முடிவு செய்து எழுதி வைத்தது. அதில் கொஞ்சம் காலாவதியாகிப் போனாலும் அது வீண் செலவு ஆகாது என்பது என் உறுதியான கருத்து.

புது மருந்து சேர்ப்பதற்கும் ஒரு படிவம் வைத்தோம். பட்டியலில் ஏற்கெனவே உள்ள மாற்று எது, எந்த வகையில் இது மேல், முழு சிகிச்சைக்கும் என்ன செலவு என்று மருத்துவர் எழுதித் தர வேண்டும். மருந்து கம்பெனி ரெப் தரும் துண்டுப்பிரசுரத்தை எப்படிப் படிப்பது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது இங்கே கை கொடுத்தது. ‘ஆபத்து 50 சதவீதம் குறைகிறது’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் 100 பேரில் 4 பேருக்கு வந்தது 2 பேருக்கு ஆகியிருக்கும். அதாவது 50 பேருக்குக் கொடுத்தால் ஒருவருக்குப் பலன். அந்த ஒருவருக்காக 50 பேருக்கான செலவையும் பக்கவிளைவையும் ஏற்கலாமா என்பதுதான் குழு பேச வேண்டியது.

ஸ்டோர் ஊழியர்களுக்கும் சிஸ்டர்களுக்கும் நாங்களே வகுப்பு எடுத்தோம். இன்டென்ட், அதாவது தேவையான மருந்தைக் கேட்டு எழுதும் பட்டியல், போடும் கணக்கில் நேரம் செலவிட்டோம். ஒரு மருந்து ஆறு மாதத்தில் 600 போயிருக்கிறது, அதில் ஒரு மாதம் ஸ்டாக்கே இல்லை என்றால், 600-ஐ 6-ஆல் வகுக்கக் கூடாது, 5-ஆல் வகுக்க வேண்டும். மாதத் தேவை 100 அல்ல, 120. இதைக் கவனிக்காவிட்டால் ஒரு தட்டுப்பாடே அடுத்த தட்டுப்பாட்டைக் கொண்டுவரும். பிரசவ அறையில், ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் ஆக்சிடோசின் ஊசி ட்ரேயிலேயே வெளியில் இருந்ததையும் மாற்றினோம். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. வெயிலில் வீரியம் குறைந்துபோனால், பிரசவ ரத்தப்போக்கின்போது கைவிட்டுவிடும். இப்போது ஃப்ரிட்ஜ் வெப்பநிலையை ஒவ்வொரு ஷிஃப்டிலும் சிஸ்டர்களே குறித்து வைக்கிறார்கள்.

பேன்டோபிரசோல் ஊசி குறைந்திருக்கிறது. ஆன்டிபயாட்டிக் பக்கம் இன்னும் முடியவில்லை. அறுவை சிகிச்சைக்கு முன் செஃபசோலின் ஒரு டோஸ் போதும், பிறகு நாள்கணக்கில் செஃப்ட்ரையாக்சோன் தொடர வேண்டாம் என்று குழு முன்வைத்தது. நம் இடத்தில் புண் சீழ் பிடிக்கும் கணக்கைக் காட்டுங்கள், பிறகு பார்க்கலாம் என்றார் எங்கள் சர்ஜன். தொற்றுக் கட்டுப்பாட்டு சிஸ்டர் அந்தக் கணக்கை எடுக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த கூட்டத்தில் அதுதான் முதல் பேச்சு.